எவால்டுக்குக் கொடுத்த கோடைப் புத்தகம்

கஸாக் புல்வெளியில் இருக்கும் எங்கள் கலினோவ்காவில் கோடை வந்துவிட்டால் கோயிலில் ஆள் இருக்காது. உருளைக்கிழங்குப் பாத்தி கொத்த வேண்டும், புல் அறுக்க வேண்டும், ஏரியில் மீன் துள்ளுகிறது, பிர்ச் காட்டில் ஸ்ட்ராபெர்ரி பழுத்துக் கிடக்கிறது. பாதி வருடத்துக்கு மேல் பனிக்குள் அடைந்து கிடந்த சனத்தை ஞாயிறு காலையில் பெஞ்சில் பிடித்து உட்காரவைக்க வானத்திலிருந்து எந்தச் சம்மனசு இறங்கி வந்தாலும் முடியாது. பூசைக்கு ஃபாதர் லூகா, என் ப்ரோன்யா அத்தை, ஜன்னல் வழியாக வரும் கொசுக்கள். அவ்வளவுதான்.

"குளிர்காலத்துல பக்தியா இருக்கறது பெரிய விஷயமா? வேற என்ன வேலை இருக்கு?" என்பாள் அத்தை. "கோடைலதான் ஆத்துமா இளைச்சுப் போகுது. மாட்டுக்குத் தீனி சேக்குற கையால அதுக்கும் ஒரு பிடி போடணும்ல?"

அந்த ஒரு பிடிதான் கோடைப் புத்தகம்.

ப்ரோன்யா அத்தை என் அப்பாவின் தங்கை. ரொட்டி வேன் ஓட்டுகிறாள். ஏரியைச் சுற்றியிருக்கும் எல்லாத் தோட்ட வீடுகளுக்கும் அவள்தான் ரொட்டி கொண்டுபோகிறவள். முதலில் ஹாரன் கேட்கும், அடுத்து அவள் பாட்டு, அதற்குப் பிறகுதான் ரொட்டி வாசனை வரும். பாட்டில் சுருதி இருக்காது, சந்தோஷம் இருக்கும். நாற்பத்தாறு வயதில் கல்யாணம் ஆகாமல் இருந்தாள். ஏன் என்று யாராவது கேட்டால், "வண்டி நிக்காமப் போயிட்டே இருந்துச்சு, எவனும் ஏறல" என்பாள்.

ஜூன் கடைசியில் வரும் பேதுரு பவுல் திருநாளன்று கோயில் அலமாரியிலிருக்கும் ஞானப் புத்தகங்களை ஃபாதர் மந்திரிப்பார். அத்தை அவற்றை ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் அடுக்கிக்கொண்டு கிளம்புவாள். யாரும் தனக்குப் பிடித்ததைத் தானே எடுத்துக்கொள்ள முடியாது. யாருக்கு எந்தப் புத்தகம் என்று அவள்தான் முடிவு செய்வாள், டாக்டர் மருந்து எழுதுகிற மாதிரி. ஆகஸ்ட் நடுவில் வரும் மாதா விண்ணேற்புத் திருநாள் வரை மாற்றிக் கேட்கக் கூடாது. அன்றைக்குக் கோயில் முற்றத்தில் விருந்து நடக்கும். அங்கே ஒவ்வொருவரும் எழுந்து நின்று, படித்ததில் ஒன்றாவது சொல்ல வேண்டும்.

நான் பல தேசம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த வருடம், வீட்டில் கால் தரிக்காமல் அலைந்துகொண்டிருந்தேன். "சும்மா அலையறதுக்கு என் வண்டில உக்காந்து அலை" என்று ஏற்றிக்கொண்டாள். அதனால் எல்லாவற்றையும் முன்சீட்டிலிருந்தே பார்த்தேன்.

"யாத்விகா, இந்தா உனக்கு."

யாத்விகா ஏரிக்கரையில் எல்லாருடைய செய்தியையும் அவரவருக்கு முன்னால் அறிந்துகொள்கிறவள். புத்தகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "எதப் பத்தி?"

"மௌனத்தப் பத்தி."

"ஏன்டி, என் வாய் உன்னை என்ன பண்ணிச்சு?"

"என்னை ஒண்ணும் பண்ணல. ஊரைத்தான் பண்ணுது. தினமும் ரெண்டு பக்கம், சாப்பாட்டுக்கு முன்னாடி. டீ குடிக்கும்போது வேண்டாம். டீ உள்ள போனா உனக்குப் பேச்சு வெளிய வரும்."

புத்தகங்களுக்கு அட்டை போடுவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். போலந்துக்காரர்களான எங்கள் ஆட்களையும் ஜெர்மன்காரர்களையும் அரசாங்கம் ஊரைவிட்டுப் பெயர்த்து, ரயிலில் கொண்டுவந்து இந்தப் புல்வெளியில் இறக்கிவிட்ட காலத்தில் செபப் புத்தகம் வைத்திருந்தால் வம்பு. ஆகையால் எல்லாவற்றுக்கும் செய்தித்தாளில் அட்டை போட்டு, மேலே "டிராக்டர் பராமரிப்பு", "கோழிப் பேன் ஒழிப்பு" என்று ஏதாவது எழுதி வைப்பார்கள். இப்போது எந்த அதிகாரியும் வந்து பார்ப்பதில்லை. பழக்கம் மட்டும் போகவில்லை. அட்டையில்லாத ஞானப் புத்தகம், முக்காடு போடாமல் பூசைக்கு வருவதைப் போல எங்களுக்கு. ஃபாதர் லூகா போலந்திலிருந்து வந்த புதிதில் இதைப் பார்த்துச் சிரித்தார். ஒரே மாதத்தில் தான் தினமும் சொல்லும் கட்டளைச் செப நூலையும் அட்டை போடக் கொண்டுவந்து நீட்டினார். அன்றிலிருந்து அவர் பீடத்தருகே நின்று "மாட்டுக் குளம்பு நோய்கள்" என்ற புத்தகத்தைக் கண்மூடி முத்தமிடுகிறார்.

அந்த வருடம் பேதுரு பவுல் திருநாளுக்கு முந்தின வாரம் வேன், எவால்ட் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது. வேனுக்கு நிற்க அதைவிட நல்ல இடம் கிடையாது. எவால்ட் மெக்கானிக். ஜெர்மன்காரர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைவிரல் கிரீஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய அண்ணன் எப்போதோ ஜெர்மனிக்குப் போய்விட்டான். நீயும் வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

எவால்ட் எஞ்சினிலிருந்து தலையைத் தூக்கினார். "ப்ரோன்யா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க. ரொட்டியா, பன்னா?"

"கல்யாணம்."

ரொட்டி வாங்க நின்ற யாத்விகாவின் கையிலிருந்து பை விழுந்தது.

"அண்ணன் செப்டம்பருக்கு டிக்கெட் எடுக்கச் சொல்றான்," என்றார் எவால்ட், எஞ்சினைப் பார்த்தபடியே. "நீங்க சரின்னா எடுக்கல. வேண்டாம்னா எடுத்துடுறேன்."

அத்தையின் முகம் பீட்ரூட் சூப் நிறத்துக்குப் போனது. வாயைத் திறந்தாள். மூடினாள். யாத்விகாவைப் பார்த்தாள். மறுபடி திறந்தாள்.

"புத்தகம் படிக்காத ஆளை நான் எப்படிக் கட்டிக்கிறது? இந்தக் கோடைக்கு நான் ஒரு புத்தகம் தரேன். முழுசாப் படிங்க. மாதா திருநாள்ல எழுந்து நின்னு ஒண்ணு சொல்லுங்க. அப்பச் சொல்றேன் பதில்."

எவால்ட் யோசித்தார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவர் படித்ததெல்லாம் இயந்திரங்களோடு வரும் கையேடுகள் மட்டும்தான். "பெருசா?"

"சின்னதுதான்."

"படம் இருக்குமா?"

"இருக்காது."

"சரி," என்று சொல்லி மூடியைச் சாத்தினார். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

வேன் கிளம்பியது. அத்தை ஒரு தெருவையே மறந்துவிட்டு ஓட்டினாள். யாரோ ஒருத்தருடைய வாத்துகள் சிறகடித்துத் தப்பித்தன.

"ஏன் அத்தை, சரின்னே சொல்லியிருக்கலாமே?"

"சரின்னு சொல்லத்தான்டி வாயைத் தொறந்தேன். இது வந்துருச்சு!"

"இப்ப திரும்பிப் போய்ச் சொல்லேன்."

"யாத்விகா முன்னாடி சொன்னத மாத்தறதா? இந்நேரம் அக்கரைக்கே தெரிஞ்சிருக்கும். படிச்சிருவார்டி. படிச்சிருவார்ல? சின்னப் புத்தகம்தானே?"

கோயில் அலமாரி முழுவதையும் கலைத்துத் தேடி அவருக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பாலைவனக் குகையில் தனியாக வாழ்ந்த ஒரு துறவியின் சிறு செபங்கள். பேசாத மனிதருக்குப் பேசாத துறவி. பொருத்தம் பார்த்துத்தான் எடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து புது அட்டை போட்டு, மேலே என்ன எழுதலாம் என்று சுற்றிப் பார்த்து, "உருளைக்கிழங்கு: குளிர்காலச் சேமிப்பு" என்று எழுதினாள். திருநாளன்று ஒரு முழு ரொட்டியின் மேல் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

ஜூலை நடுவில் சமையலறையில் வெள்ளரிக்காய் உப்பில் போட்டுக்கொண்டிருந்தோம். வேறெதையோ தேடி மேல்தட்டில் கைவிட்டபோது செய்தித்தாள் அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம் வந்தது. "உருளைக்கிழங்கு: குளிர்காலச் சேமிப்பு." திறந்து பார்த்தேன்.

"அத்தை, இந்த உருளைக்கிழங்கு செபம் பண்ணுது."

"என்ன உளர்ற?"

"'ஆண்டவரே, என் குகையில் உம்மைத் தவிர யாருமில்லை'ன்னு இருக்கு."

அத்தை கையிலிருந்த சதகுப்பைக் கீரைக் கட்டோடு எழுந்தாள். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். வெள்ளரிக்காய் வாளிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். எங்கள் தாத்தா கூட்டுப்பண்ணையில் கிழங்குக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். அவரிடம் உருளைக்கிழங்கைச் சேமிப்பது பற்றி ஓர் உண்மையான கையேடு இருந்தது. வீட்டில் எதையும் அட்டை போடாமல் விடாதவர்கள் அதற்கும் போட்டு, மேலே அதன் பெயரையே எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் பொய் சொல்லாத அட்டை அது ஒன்றுதான். வருடக்கணக்காக அத்தை அதைத் தட்டில் பார்த்துப் பார்த்து, அந்தப் பெயரையே துறவியின் புத்தகத்துக்கும் எழுதி, பக்கத்திலேயே வைத்து, எடுக்கும்போது மற்றதை எடுத்துவிட்டாள்.

"அப்ப எவால்ட் படிக்கிறது..."

"தாத்தாவோட கிழங்கு," என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு முட்டியது. அவளுக்கும் முட்டியது. வாளித் தண்ணீர் தரையெல்லாம் சிந்துகிற வரை சிரித்தோம். சட்டென்று அவள் நிறுத்தினாள்.

"கேலி பண்ணிட்டேன்னு நினைச்சுக்குவார்டி. ஒரு மனுஷன் கல்யாணம் கேட்டா, கிழங்குப் புத்தகத்தக் குடுத்துத் தொரத்தினேன்னு. நேரா ஜெர்மனிதான்."

"போய் மாத்திக் குடுத்துடுவோம்."

"மாத்தறதா? போன வாரம் யாத்விகா மாத்திக் கேட்டப்ப என்ன சொன்னேன்?"

"'ஆண்டவர் குடுத்த சிலுவையை அளவு சரியில்லைன்னு திருப்பிக் குடுப்பியா'ன்னு."

"அதான்!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஆனாலும் மறுநாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று துறவியை மடியில் கட்டிக்கொண்டு போனோம். எவால்ட் வாசலுக்கு வந்தார். தலை முதல் கால்வரை சுண்ணாம்பு. இமை முடிகூட வெள்ளை.

"புத்தகம்... எப்படிப் போகுது?" என்றாள் அத்தை.

"முதல்ல கஷ்டமா இருந்துச்சு. ஒண்ணுமே புரியல. இப்பக் கொஞ்சம் பிடிபடுது."

"என்ன பிடிபடுது?"

"அத மாதா திருநாள்லதான் சொல்லணும். நீங்க போட்ட சட்டம்." வெள்ளை இமைகளுக்குள் அவர் கண் சிரித்தது. "நான் போறேன். காயறதுக்குள்ள ரெண்டாம் பூச்சு அடிக்கணும்."

அத்தை ஒரு ரொட்டிக்குப் பதில் இரண்டு கொடுத்தாள். துறவி மடியைவிட்டு வெளியே வரவில்லை. வண்டியில் ஏறியதும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அந்த முகத்தப் பாத்தியா? வெள்ளை உடுப்புல புதுநன்மை வாங்கப்போற பிள்ளை மாதிரி. அந்த முகத்துகிட்டப் போயி எப்படிடி சொல்லுவேன், நீங்க படிக்கிறது வெறும் கிழங்குன்னு?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு நடைக்கும் ஒரு செய்தி வந்தது. எவால்ட் வண்டி வண்டியாக எதையோ வெளியே கொட்டுகிறார். எவால்ட் வைக்கோல் கேட்டார். எவால்ட் தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் தோட்டத்திலிருக்கும் கிழங்கு நிலவறைக் கதவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார், விளக்கு எடுத்துப்போவதில்லை.

"குழிக்குள்ள போயி உக்காந்துக்குறான்டி," என்றாள் யாத்விகா. "ஜெர்மனிக்குச் சுரங்கம் தோண்டுறானோ என்னவோ. ஆமா, நீ அவனுக்கு என்ன புத்தகம் குடுத்த?"

"உன் புத்தகத்த நீ படிச்சியா?"

"படிக்கிறேன், படிக்கிறேன். மௌனம் எவ்வளவு நல்லதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

மாதா திருநாள் வந்தது. தோட்ட வீடுகளிலிருந்து சனம் மூலிகைக் கொத்துகளோடு வந்திறங்கியது. புதினா, சாமந்தி, கோதுமைக் கதிர், பாப்பிக் காய். ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். முற்றத்தில் மேசைகள் போட்டு, முட்டைக்கோசு அடை, பாலேடு ஊற்றிய வெள்ளரி, பக்கத்து கஸாக் வீடுகளிலிருந்து வந்த, எண்ணெயில் பொரித்த சூடான பாவுர்சாக் எல்லாம் பரப்பியிருந்தது. அத்தை ஒன்றையும் தொடவில்லை. மடியில் துறவி இருந்தார்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாத்விகா மௌனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, ஃபாதர் இரண்டு முறை இருமிய பிறகும் பேசி, மூன்றாவது இருமலில் உட்கார்ந்தாள். கைதட்டிச் சிரித்தார்கள். அடுத்து எவால்ட் எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"எனக்குக் குடுத்த புத்தகம் உருளைக்கிழங்கைப் பத்தினது," என்றார்.

முற்றம் சிரித்தது. அட்டையைச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். யாத்விகா எட்டி அவர் கையிலிருந்ததைப் பிடுங்கித் திறந்து உரக்கப் படித்தாள். "'நிலவறையைக் கோடையிலேயே காலி செய்து, காயவிட்டு, இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடிக்கவும்.' மாதாவே! நிஜமாவே கிழங்குதான்!"

"ஆமா," என்றார் எவால்ட். "ரெண்டாம் பக்கத்துல நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா உங்க ஆளுங்கள எனக்குத் தெரியும். குளம்பு நோய்னு போட்டிருந்தா உள்ள செபம் இருக்கும். சரி, எனக்கு இன்னும் ஆழமா ஒளிச்சுக் குடுத்திருக்காங்கன்னு நினைச்சேன். கடைசிவரை படிச்சேன். கிடைக்கல. திரும்பப் படிச்சேன். அப்பவும் கிடைக்கல. ஒருவேளை படிச்சா வராது, செஞ்சாத்தான் வரும் போலன்னு, அது சொன்னதெல்லாம் செஞ்சேன்."

யாத்விகா புத்தகத்தை மூடி, அவர் முன்னால் திரும்ப வைத்தாள்.

"அம்மா செத்ததுலேருந்து நிலவறைல குப்பைதான். எல்லாத்தையும் வெளிய எடுத்தேன். சுண்ணாம்பு அடிச்சேன். அப்புறம் அதுல இருக்கு: விளக்கில்லாம உள்ள போ, கதவைச் சாத்து, கண்ணு பழகற வரைக்கும் நில்லு, எங்கேருந்தாவது வெளிச்சம் கசியுதான்னு பாரு. நின்னேன். சும்மா நிக்க முடியல. அம்மா சொல்ற செபம் ஞாபகம் வந்துச்சு. பாதிதான் வந்துச்சு. மறுநாள் போனேன், மீதியும் வந்துச்சு. ஓட்டையெல்லாம் எப்பவோ அடைச்சாச்சு. இப்பவும் தினமும் போறேன்." காதைச் சொறிந்துகொண்டார். "இன்னும் ஒரு கிழங்குகூட உள்ள வைக்கல. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். ஃபாதர் மூக்கைச் சிந்தினார். யாத்விகாவின் வாய் திறந்திருந்தது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அத்தை எழுந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, தோள் சிரிப்பில் குலுங்கியது. துறவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எவால்ட், நான் ஒண்ணும் ஒளிச்சு வைக்கல. உங்களுக்குக் குடுக்க வேண்டியது இது. ரெண்டுக்கும் ஒரே பேர எழுதிட்டேன். மாத்திக் குடுத்துட்டேன்."

எவால்ட் இரண்டு புத்தகங்களையும் பார்த்தார். "அப்ப நான் படிச்சது?"

"கிழங்கு."

"வெறும் கிழங்கா?"

"வெறும் கிழங்கு."

அவர் காது சிவந்தது. "கேலிக்கா குடுத்தீங்க?"

"ஐயோ, இல்ல! மாதா மேல சத்தியமா இல்ல! தெரிஞ்சதுலேருந்து எனக்குச் சோறே இறங்கல!"

யாத்விகாவுக்கு வாய் திரும்பி வந்தது. "அப்ப இது கணக்குல சேராதே? ஞானப் புத்தகம் படிச்சாத்தானே பதில்? சட்டம்னா சட்டம். என்ன ஃபாதர்?"

எல்லாத் தலைகளும் ஃபாதர் பக்கம் திரும்பின. அவர் வாயிலிருந்த பாவுர்சாக்கை அவசரமாக விழுங்கினார்.

"படிச்சாரு. ரெண்டு தடவை. எழுந்து நின்னாரு. ஒண்ணு சொன்னாரு. தினமும் கால் மணி நேரம் வாய மூடிட்டு இருங்கன்னு நான் வந்த நாள்லேருந்து இந்த ஊர்ல கெஞ்சறேன், ஒருத்தரும் கேக்கல. அந்தக் கிழங்குப் புத்தகம் அடுத்த வருஷம் எனக்கு வேணும். கல்யாணத்துக்கு நான் பதில் சொல்ல முடியாது. மருந்து குடுத்தவங்கதான் சொல்லணும்."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நிலவறையப் பாக்கணும்," என்றாள்.

நடந்தாள். எவால்ட் பின்னால் போனார். அவருக்குப் பின்னால் மொத்தச் சனமும் மூலிகைக் கொத்தோடு, ஃபாதர் கையில் தீர்த்தச் செம்போடு, மாதா பவனி மாதிரி தெருவில் போனது. நாய்கள் சேர்ந்துகொண்டன. எவால்ட் வீட்டுத் தோட்டத்தில் அத்தை மரக்கதவைத் தூக்கி, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். தலைக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காத்திருந்தோம்.

ப்ரோன்யா அத்தை இவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எவால்ட் தொப்பியைக் கையில் வைத்து, நனைத்த துணியைப் போல முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மூச்சு முட்டிடுச்சோ?" என்றாள் யாத்விகா மெதுவாக.

"ஷ்ஷ்!" என்றார் ஃபாதர்.

மண்ணுக்கடியிலிருந்து குரல் வந்தது. "எவால்ட்!"

"என்னங்க?"

"மேக்கு மூலைல ஒரு ஓட்டை இருக்கு! வெளிச்சம் வருது!"

எவால்டின் முகம் தொங்கிப்போனது. "இருக்காதே! எல்லாத்தையும் அடைச்சேனே!"

"இருக்குங்கறேன்! நீயே வந்து பாரு!"

தொப்பியை என் கையில் திணித்துவிட்டு, கதவைத் தூக்கி, படிகளைத் தாவி இறங்கினார். கதவு மறுபடி மூடிக்கொண்டது. எல்லாரும் குனிந்து காதைத் தீட்டினோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சிரிப்பு. அது அத்தையுடையது. அதைத் தொடர்ந்து கனத்த குரலில் இன்னொரு சிரிப்பு. அதை அந்த ஊரில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"ஃபாதர்!" என்று கத்தினாள் அத்தை. "அடுத்த ஞாயிறே பூசைல எங்க கல்யாண ஓலையை வாசிச்சிருங்க!"

ஃபாதர் கதவின் மேலேயே தீர்த்தம் தெளித்தார். மூலிகைக் கொத்துகள் ஆகாயத்தில் பறந்தன. யாத்விகா மட்டும் மண்டியிட்டு, பலகை இடுக்கில் வாயை வைத்துக் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஓட்டை இருக்கா, இல்லையா?"

வாழ்நாளில் குரல் உயர்த்தாத எவால்ட் உள்ளேயிருந்து முழக்கமிட்டார்.

"இல்லவே இல்ல!"